எட்டு முதல் ஆறு வரை

லிப்ட் வேலைக்கு வருகிறவன் கொஞ்சம் பயந்தாங்கொள்ளியாக இருப்பதுதான் ஊருக்கு நல்லது. தைரியசாலி மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று கையெழுத்துப் போட்டுவிடுவான். அந்தக் கணக்கில் பார்த்தால் நம் மெக்கானிக்கைப் போல இன்னொரு மெக்கானிக் கிடைப்பது கஷ்டம். இருபத்தாறு வருஷமாக லிப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து, இரும்புக் கயிற்றைப் பழைய துணியால் சுற்றிப் பிடித்து, அடி அடியாக உருவிப் பார்ப்பார். உள்ளே ஒரு சின்ன இழை அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும். மாட்டாவிட்டாலும் இவர் விடமாட்டார், இன்னொரு முறை உருவுவார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பதட்டம்'. "பதட்டம் மேல ஏறியாச்சா?" என்று கீழேயிருந்து கூவுவார்கள். அவருக்கு அதில் கோபம் கிடையாது. அவர் பார்த்த லிப்ட் ஒன்றுகூட இதுவரை விழுந்ததில்லை, அது போதும் என்பார்.

வேலைக்கு இந்தப் பயம் சரி. வீட்டுக்கு? ஒரே மகள். அவள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து மனிதர் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தார். அவருக்குள் ஒரு கணக்கு இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. முன்கூட்டியே எதை நினைத்துப் பயந்துவிடுகிறோமோ அது நடக்காது. ஆகவே ஒன்றையும் விட்டுவைக்காமல் பயந்துவிட வேண்டும். மாடிப்படி, மின்சாரம், தண்ணீர்த் தொட்டி, தெருநாய், காய்ச்சல் என்று வரிசையாகப் பயந்து பயந்தே மகளை இருபது வயது வரை வளர்த்துவிட்டார்.

மகள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் விடுதிக்குப் போனாள். அதற்குப் பிறகு எல்லாப் பயத்துக்கும் ஒரே வடிகால் போன்தான். எழுந்தாயா, குளித்தாயா, சாப்பிட்டாயா, வகுப்பு முடிந்ததா, மழை பெய்கிறதா. ஒரு நாளைக்குப் பதினோரு அழைப்பு. ஒருமுறை அவள் எடுக்கவில்லை என்று அறைத்தோழியின் போனுக்குப் பதினாலு தடவை அடித்துவிட்டார். பாவம் அந்தப் பெண், அடுத்த மாதமே வேறு அறைக்குப் போய்விட்டாள். புதிதாக வந்த தோழியின் நம்பரை மகள் அவருக்குத் தரவே இல்லை. ஒல்லியான பெண் என்பதால் மகள் அவளைக் 'குச்சி' என்று கூப்பிடுவாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

போன பருவத்தில் மகளுக்கு இரண்டு பாடம் போயிற்று. விடுமுறைக்கு வந்தவள் அப்பாவை எதிரே உட்கார வைத்தாள்.

"அப்பா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனைக் கையில எடுக்கிறேன்னு அதுவே எண்ணிக் காட்டுது. நூத்தி நாப்பத்து மூணு. அதுல பதினொண்ணு நீங்க."

"மிச்சம் நூத்தி முப்பத்து ரெண்டு யாரு?" என்றார். குரலில் சந்தேகம் வந்துவிட்டது.

"அதுதாம்பா கொடுமை. யாருமே இல்ல. நானாத்தான் எடுக்கிறேன். நீங்க சாப்பிட்டியான்னு கேட்பீங்க, ரெண்டு நிமிஷம். வெச்ச கையோட வேற எதையோ தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பிச்சா முக்கால் மணி நேரம் காணாமப் போகுது. புத்தகம் அப்படியே கிடக்கும். மறுபடி அதுல உட்காரவே அரை மணி ஆகும். அதுக்குள்ள நீங்க அடுத்த தடவை கூப்பிடுவீங்க."

அவள் முயலாமல் இல்லை. ஆப்புகளை அழித்தாள், மாலையே திரும்பப் போட்டுக்கொண்டாள். திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாள், கறுப்பு வெள்ளையிலும் பார்த்தாள். அலமாரியில் பூட்டினாள், சாவி கையிலேயே இருந்தது. இந்தப் பருவமும் பாடம் போனால் படிப்புதவித் தொகை நின்றுவிடும் என்றாள்.

"காலையில எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் கூப்பிடாதீங்கப்பா. ஆறு அடிச்சதும் நானே கூப்பிடுறேன்."

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா?"

"என்னப்பா ஆகும்?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் நாற்பது பதில் இருந்தது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்பதையும் விழுங்கிக்கொண்டார். சரி என்றார்.

பதினோரு நாள் தாக்குப் பிடித்தார். எட்டு மணிக்குமேல் போனை, லிப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமில் கருவிப் பைக்கு அடியில் புதைத்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார். தையல் கம்பெனிக்குப் போகும் மனைவிக்கு இது பெரிய வேடிக்கை. "பத்து மணி நேரம் சும்மா இருந்தா உசுரா போயிடும்? எங்க கம்பெனியில கேட்டுலயே போனை வாங்கி வெச்சுக்கறாங்க. தினமும் சாயங்காலம் ஆறுக்குத்தான் கையில தர்றாங்க. நான் என்ன, செத்தா போயிட்டேன்?" என்பாள். ஆறு அடித்ததும் மகள் தவறாமல் கூப்பிட்டாள். குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து இன்றைக்கு நாலு அத்தியாயம் முடித்தேன், ஐந்து முடித்தேன் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் மதியம் இரண்டரை. காரணம் என்று ஒன்றுமில்லை, மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்று ரிங் விடுவோம், எடுத்தால் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவோம், திட்டினால் திட்டட்டும் என்று அடித்தார். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள். ஆனால் அது மகள் குரல் இல்லை.

"இந்த போனுக்குச் சொந்தக்காரங்களுக்கு நீங்க யாரு சார்?"

"நான்... அப்பா. நீங்க யாரு?"

"நல்லவேளை கூப்பிட்டீங்க. போன் பூட்டியிருக்கு, எங்களால யாரையும் கூப்பிட முடியல. நான் ஆஸ்பத்திரி நர்ஸ் பேசுறேன். உங்க பொண்ணு மேல வண்டி மோதிடுச்சு. ஜெராக்ஸ் கடைக்கு ரோட்டைத் தாண்டியிருக்காங்க. ஓட்டிட்டு வந்தவன் போன்ல வழி பார்த்துக்கிட்டே வந்தானாம். தலையில அடி. நினைவு இல்ல. சீக்கிரம் வாங்க."

மெஷின் ரூமில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. நர்ஸ் கேட்கக் கேட்கப் பதில் மட்டும் சொன்னார். வயது இருபது. ரத்தம் பி பாசிடிவ். பழைய வியாதி எதுவும் கிடையாது. மருந்து ஒத்துக்காமல் போனதுண்டா? இல்லை, எந்த ஊசிக்கும் ஒன்றும் ஆனதில்லை, எதை வேண்டுமானாலும் போடுங்கள். இத்தனை வருஷமாக இந்தக் கேள்விகளை யாராவது கேட்பார்கள் என்று பயந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாரே, இன்றைக்கு உதவியது. சொல்லி முடித்ததும் கருவிப் பையை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏற ஓடினார்.

அந்த ஒன்றரை மணி நேர பஸ் பயணத்தை எதிரிக்கும் எழுதிவிடக் கூடாது. மனைவிக்கு அடித்தால் போன் கம்பெனி கேட்டில் அணைந்து கிடக்கிறது. விடுதி அலுவலகத்துக்கு அடித்தால் அடித்து ஓய்கிறது. கண்டக்டர் சீட்டுக்குக் காசு வாங்கும்போது இவர் கை நோட்டை விடவே இல்லை, அவர் பிடுங்கித்தான் வாங்கினார். இதையும்தானே பயந்து வைத்திருந்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். ரோடு, வண்டி, தலையில் அடி, எதை விட்டேன்? எல்லாவற்றையும் நினைத்து நினைத்துப் பயந்தேனே, பிறகு ஏன் நடந்தது? அப்புறம் ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. எப்போதும்போல மதியம் கூப்பிட்டிருந்தால் அவள் போனில் பேசிக்கொண்டு ஓரமாக நின்றிருப்பாள். ரோட்டைத் தாண்டியிருக்க மாட்டாள். படிப்பாவது மண்ணாங்கட்டியாவது என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது நாலேகால் ஆகப்போகிறது. கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர் தாளை நீட்டினார்.

"தலைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

"ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டுப் போடுறேன்மா."

"நேரமில்ல சார்."

"பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்லைம்மா," என்றார். டாக்டர் திரையை விலக்கச் சொன்னார்.

நர்ஸ் ஒருத்தி கட்டிலருகே ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். முகம் பாதி கட்டுக்குள், மீதி வீங்கி நீலம் பாய்ந்து கிடந்தது. ஆனால் பெற்றவனுக்கு விரல் ஒன்று போதும். கையைப் பார்த்தார். மகள் நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை தெரிய வைத்திருப்பவள். இங்கே நீளமான நகங்கள், நீலச் சாயம் பூசியிருந்தது.

"இது என் பொண்ணு இல்ல!" என்று கத்தினார். கத்திவிட்டுச் சிரித்தார். அடக்க முடியாத சிரிப்பு. "ஐயோ, என் பொண்ணு இல்லம்மா இது! என் பொண்ணே இல்ல!"

அந்த அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஊசி வைத்திருந்த நர்ஸ் அப்படியே நின்றாள்.

"அப்ப போன்ல சொன்னீங்களே, எந்த மருந்தும் ஒத்துக்கும்னு?" என்றார் டாக்டர்.

சிரிப்பு எங்கே போயிற்றோ. "அது... என் பொண்ணுக்கு," என்றார்.

"ஊசியைக் கீழ வை," என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். "ரத்தம் நாங்களே பரிசோதிச்சுட்டோம், அது பரவாயில்ல. ஆனா மருந்து ஒவ்வாமை, வலிப்பு, இதெல்லாம் பெத்தவங்களுக்குத்தான் தெரியும். இவ கையில அடையாள அட்டைகூட இல்ல. இந்த போன் யாருது?"

மேசைமேல் ஓரம் உடைந்த போன். அதன் உறையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். "என் பொண்ணோடது," என்றார். சொல்லும்போதே அடுத்த பயம் கிளம்பிவிட்டது. போன் இங்கே இருக்கிறது. அப்படியானால் அவள் எங்கே?

"ஒரே ஒரு பொண்ணைத்தான் கொண்டு வந்தாங்க," என்று நர்ஸ் அவர் கேட்குமுன்பே சொன்னாள்.

"அரை மணி நேரம் பார்க்கலாம்," என்றார் டாக்டர். "அதுக்கு மேல காத்திருந்தா உயிருக்கு ஆபத்து. தெரியாமலே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். இவளைத் தெரிஞ்சவங்க யாரையாவது கொண்டு வாங்க."

பல்கலைக்கழக நூலகம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஓடினார். வாசலில் காவலாளி கையைக் குறுக்கே போட்டு அட்டை கேட்டார். இவர் போட்டிருந்ததோ கம்பெனிச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. "லிப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டாங்க!" என்றார். வாழ்நாளில் தொழில் விஷயத்தில் அவர் சொன்ன ஒரே பொய். காவலாளி அலறி வழிவிட்டார்.

இரண்டாம் மாடியில், ஜன்னலோர மேசையில், மகள் இருந்தாள். தலையைக் கையில் தாங்கி, பென்சிலால் எதையோ அடிக்கோடிட்டு, சுற்றிலும் உலகம் இருப்பதே தெரியாமல் படித்துக்கொண்டிருந்தாள். அழ நேரமில்லை. போய்த் தோளைத் தொட்டார்.

"அப்பா! இங்க என்ன பண்றீங்க? ஆறு வரைக்கும்..."

"உன் போன் எங்க?"

"குச்சிகிட்ட."

"ஏன்?"

அவள் திருதிருவென்று விழித்தாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். போன் தன்னிடம் இருந்தால் கை தானாகப் போகிறது, அலமாரியில் வைத்தாலும் போகிறது. அதனால் குச்சி ஒரு வழி சொன்னாள். காலை எட்டுக்கு இருவரும் போனை மாற்றிக்கொள்வது. ஒருத்தி நூலகத்தில், இன்னொருத்தி ஆய்வகத்தில். கையில் இருப்பது அடுத்தவள் போன், பூட்டியிருக்கும், திறக்கும் எண் அவளுக்குத்தான் தெரியும். கை போனாலும் பலனில்லை. ஆறு மணிக்கு அவரவர் போன் அவரவரிடம். "பன்னிரண்டு நாளா நான் ஒரு தடவைகூட ஏமாத்தலப்பா," என்றாள். சொன்னால் அப்பா பயப்படுவார் என்றுதான் சொல்லவில்லை.

அவர் விஷயத்தைச் சொன்னார். மகள் உடனே பையிலிருந்து குச்சியின் போனை எடுத்தாள். பூட்டியிருந்தது. குச்சியின் வீட்டு நம்பர் மகளின் போனில் இருக்கும் என்று நினைத்தார், அதையோ நர்ஸிடமே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"வா, போய்த் திறக்கலாம்," என்று படியில் இழுத்துக்கொண்டு ஓடினார்.

"அதுல அவங்க அம்மா நம்பர் இல்லப்பா. நான் கேட்டு வாங்கவே இல்ல," என்று ஓடிக்கொண்டே அழுதாள். விடுதி அலுவலகத்துக்கு அவர் போனிலிருந்து மறுபடி அடித்தார்கள். அடித்து ஓய்ந்தது. "ஆனா அவங்க அம்மா தினமும் நாலரைக்குக் கூப்பிடுவாங்க. ரொட்டிக் கம்பெனியில வேலை, அப்பதான் அவங்களுக்கு டீ நேரம். எட்டு டு ஆறுன்னு சொல்லியும் கேட்க மாட்டாங்க. நான் எடுக்க மாட்டேன். அதுவா அடிச்சு நின்னுடும்."

மணி நாலு இருபத்தொன்பது. அப்பாவும் மகளும் ரோட்டோரம் நின்று அந்தச் சின்னத் திரையைப் பார்த்தார்கள். இத்தனை நாளாக அடிக்காதே அடிக்காதே என்று ஒளித்து வைத்த சனியன், இன்றைக்கு அடித்துத் தொலையேன் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. நாலரை. ஒன்றுமில்லை. நாலு முப்பத்திரண்டு. இன்றைக்கு என்று பார்த்து அந்த அம்மா மகள் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாளோ? நிற்க முடியாமல் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். பாதி ரோட்டில் போன் அதிர்ந்தது. திரையில் 'அம்மா'. மகள் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டாள். ஹாரன் அலறியது. அவளை இழுத்து எதிர்ப்பக்க நடைமேடையில் ஏற்றிய பிறகுதான் போனை வாங்கினார். எத்தனையாவது ரிங்கோ தெரியாது.

"அம்மா, போனை வெச்சிடாதீங்க," என்றார். "உங்க பொண்ணு உயிரோட இருக்கா. முதல்ல அதைக் கேட்டுக்கங்க. உயிரோட இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்த சத்தம்.

"அடிபட்டிருக்கும்மா. ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டு இருக்காங்க. நான் அவ சிநேகிதியோட அப்பா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அழுகை அப்புறம் அழுதுக்கலாம். அவளுக்கு ஏதாவது மருந்து ஆகாதா?"

"பென்சிலின்," என்றாள் அந்த அம்மா. குரல் வெட்டியது மாதிரி வந்தது. "ஆறு வயசுல போட்டு மூச்சே நின்னு போச்சு. போடச் சொல்லாதீங்க. ஐயா, போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா, போடல," என்று சொல்லிக்கொண்டே ஓடினார். போட்டிருக்க மாட்டார்கள், டாக்டர் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னாரே என்று தனக்கும் சொல்லிக்கொண்டார். "வைக்காதீங்க, லைன்லயே இருங்க, இதோ டாக்டர்கிட்ட கொடுக்கிறேன்."

டாக்டர் போனை வாங்கினார், கேட்டார், எழுதினார், அம்மாவின் சம்மதத்தை இரண்டு பேரைச் சாட்சியாகக் கேட்க வைத்து வாங்கினார். தட்டில் இருந்த ஊசியை நர்ஸ் எடுத்துக்கொண்டு போய் வேறொன்று கொண்டு வந்தாள். மெக்கானிக் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எதை வேண்டுமானாலும் போடுங்கள் என்று அவர் சொன்னதை நம்பி ஏற்றிய பென்சிலின் அது. கட்டில் உள்ளே போனது, கதவு சாத்தியது.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் குச்சியின் போன் அவர் கையில்தான் இருந்தது. அந்த அம்மா ரயில் ஏறியிருந்தாள், வந்து சேர மறுநாள் காலை ஆகிவிடும். கால் மணிக்கு ஒருமுறை கூப்பிட்டாள். "ஏதாவது தெரிஞ்சுதாண்ணா?" "இன்னும் இல்லம்மா." இதே கேள்வி, இதே பதில். அவர் ஒருமுறைகூட சலித்துக்கொள்ளவில்லை. ஆறு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். முதலில் அவரைத் திட்டினாள், பிறகு மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி ஓவென்று அழுதாள். மகள் சுவரோரம் உட்கார்ந்து, தன் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தொடாமலே இருந்தாள்.

ஏழு மணி தாண்டி டாக்டர் வெளியே வந்தார். ரத்தக் கட்டி எடுத்தாகிவிட்டது, கண் விழிக்க ஒரு நாள் ஆகும், பிழைத்துக்கொள்வாள் என்றார்.

மெக்கானிக் காத்திருக்கவில்லை. அந்த அம்மா கூப்பிட்டால் எடுக்கத்தான் முடியும், இந்தப் போனிலிருந்து கூப்பிட முடியாது என்பதால், அவள் நம்பரைக் கேட்டுத் தன் போனில் எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து அடித்தார். விஷயத்தைச் சொன்னார். ரயில் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அவள் கேட்டாள்:

"உங்க பொண்ணுன்னு சொல்லித்தானேண்ணா உங்களை வரவெச்சாங்க? எப்படித் துடிச்சுப் போயிருப்பீங்க. உங்க பொண்ணு நல்லா இருக்காளா?"

நல்லா இருக்கா என்று சொன்னால் தப்பு செய்தது மாதிரி இருந்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காம்மா," என்றார். பிறகு, சொல்லாமல் இருந்தால் தூங்க முடியாது என்று தெரிந்து, சொல்லிவிட்டார். "உங்க பொண்ணு அப்படிக் கிடக்கிறதைப் பார்த்துட்டு, என் பொண்ணு இல்லைன்னு தெரிஞ்சதும், நான் சிரிச்சுட்டேம்மா. அவ பக்கத்துல நின்னு சிரிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

ரயில் ஏதோ பாலத்தில் ஏறிய சத்தம். லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து போனைக் காதோடு அழுத்தினார்.

"நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேண்ணா," என்றாள் அந்த அம்மா.